குருவிகுளத்திலிருந்து கோவில்பட்டிக்கு: கரிசல் மக்களும் அறிவியலும்

மழை பெய்யுமுன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிடலாமா, ஈரம் கண்ட பிறகு விதைப்பதா என்பது குருவிகுளம் வட்டாரத்தில் ஆண்டுதோறும் புரட்டாசியில் எழும் கேள்வி. இதற்கு விடை சொல்ல மண்ணின் குணம் தெரிய வேண்டும். விதை எவ்வளவு நாள் தாங்கும், வடகிழக்குப் பருவமழை எப்போது பிடிக்கும் என்பவையும் தெரிய வேண்டும். கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். முதல் மூன்றும் அறிவியல். பெரும்பாலும் முடிவு செய்வது நான்காவது. பொதுமக்கள் அறிவியலை எங்கே எடுத்துக்கொள்கிறார்கள், எங்கே சந்தேகப்படுகிறார்கள், எங்கே தங்கள் பங்கைச் சேர்க்கிறார்கள் என்று பார்க்க இந்தக் கரிசல் காடு நல்ல இடம்.

குருவிகுளம், தென்காசி மாவட்டத்தின் பத்து ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்று. 2019 நவம்பரில் மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலியோடு இருந்தது. சங்கரன்கோவிலிலிருந்து கிழக்கே போகப் போக மேற்குத் தொடர்ச்சி மலை பின்னால் தங்கிவிடுகிறது. செம்மண் குறைந்து மண் கறுக்கிறது. தாமிரபரணியின் வாய்க்கால்கள் இந்தப் பக்கம் எட்டுவதில்லை. குளத்தில் தண்ணீர் நின்றால் கொஞ்சம் நெல். மற்றபடி மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு, பருத்தி, கம்பு, சோளம், மிளகாய் என எல்லாமே வானம் பார்த்த வெள்ளாமை.

கரிசலுக்குள் நுழையுமுன் சங்கரன்கோவிலிலேயே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலில் புற்றுமண் பிரசாதம். தோல் நோய்க்கும் விஷக்கடிக்கும் நல்லது என்று அதை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்; பாம்பு, தேள் உருவம் பொறித்த தகடுகளை வாங்கி உண்டியலில் செலுத்துகிறார்கள். வெடிப்பு நிலத்தில் வேலை செய்பவர்களுக்குப் பாம்பு அன்றாட அபாயம் என்பதால் இந்த வேண்டுதலின் காரணம் எளிதில் விளங்கும். பாம்பு கடித்தால் பிழைக்க வைப்பது விஷமுறிவு மருந்துதான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் எதிராக அது தயாரிக்கப்படுகிறது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கை, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கும், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. பாம்பின் தடத்தையும் பொந்தையும் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்களின் திறமை இல்லாமல் அந்த மருந்துத் தொழிலே நடக்காது. கோயிலுக்கு நேர்ந்துகொண்ட குடும்பமே கடிபட்டவரை அரசு மருத்துவமனைக்குத் தூக்கி ஓடுவதும் இங்கே நடக்கிறது. நம்புகிறாயா இல்லையா என்று மட்டும் கேட்கும் கணக்கெடுப்பில் இப்படி இரண்டையும் கையாளும் வாழ்க்கை பதிவாவதில்லை.

இனி மண். கரிசலில் மான்ட்மோரிலோனைட் என்னும் களித்தாது மிகுதி. நீர் பட்டால் அது உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதனால் கோடையில் நிலம் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. முதல் மழை மேலே ஓடிவிடாமல் வெடிப்பு வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. நிலம் நனைந்து உப்பியதும் வெடிப்பு மூடிக்கொள்கிறது. உள்ளே போன ஈரம் தங்கிவிடுகிறது. மழை நின்று வாரக்கணக்கில் ஆன பிறகும் பயிர் பச்சையாக நிற்பது இந்த இருப்பினால்தான். அதே மண்ணில் ஈரம் மிஞ்சினால் கால் வைக்க முடியாது, டிராக்டர் புதைந்துவிடும். விதைப்புக்கு ஏற்ற பதம் சில நாள்தான் நிற்கும் என்பதால் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் டிராக்டருக்கு அலைகிறது.

தாதுவின் பெயரைத் தவிர இதில் எதுவும் கரிசல்காட்டு விவசாயிக்குப் புதிதில்லை. பெய்த மழையை ‘ஒரு உழவு மழை’, ‘ரெண்டு உழவு மழை’ என்று சொல்லும் வழக்கம் தமிழகத்து மானாவாரி நிலங்களில் நெடுங்காலமாக உண்டு. மண்வெட்டியால் கொத்திப் பார்த்து, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று கண்டு சொல்லும் அளவு அது. மழைமானி காட்டுவது வானத்திலிருந்து விழுந்த நீரை; மண்வெட்டி காட்டுவது வேருக்குக் கிடைக்கப்போகும் நீரை. பத்து மில்லிமீட்டர் தூறல் காய்ந்த கரிசலில் ஒன்றுமே இல்லை. நனைந்த கரிசலில் அது ஒரு நல்ல மழை. பயிருக்கு வேண்டிய கணக்கு மண்வெட்டியின் கணக்குத்தான் என்பதை வேளாண் விஞ்ஞானிகளும் மறுப்பதில்லை. மண் ஈரம் என்ற பெயரில் அவர்கள் அளப்பதும் அதையே. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் தொகுத்த ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’யைக் கதை வாசகர்கள் மட்டுமல்ல, மண்ணியல் படிப்பவர்களும் புரட்ட வேண்டும்.

மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைக்கும் முன்விதைப்புக்கு வருவோம். கோவில்பட்டியின் ஆண்டுச் சராசரி மழை 700 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. பருவம் குறுகியது, மழை பிடித்த பிறகு பதம் பார்த்து விதைக்கத் தொடங்கினால் முதல் இரண்டு மழையின் பயன் போய்விடும், தை மாத வறட்சியில் கதிர் மாட்டிக்கொள்ளும். ஆகவே பருவமழை தொடங்க இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே, செப்டம்பர் நடுவை ஒட்டி, சோளத்தையும் பருத்தியையும் காய்ந்த நிலத்தில் சற்று ஆழமாக விதைத்துவிடலாம் என்று கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டு மழைப் பதிவுகளை வைத்துப் பரிந்துரைத்தது. இதில் ஒரு கண்டம் இருக்கிறது. இடையில் ஒரு பொய்மழை பெய்தால் விதை முளைத்துவிடும், அடுத்த மழைக்குள் முளை கருகிவிடும். அதற்காகத்தான் விதையைக் கடினப்படுத்தும் முறை வந்தது. சோள விதையை 2 சதவீதம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கலந்த நீரில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி எடுப்பார்கள். ஊறிக் காய்ந்த விதை வறட்சியைக் கூடுதலாகத் தாங்கும். மழை வந்ததும் முந்தி முளைக்கும்.

கேட்டவுடன் எல்லாரும் இதைச் செய்துவிடவில்லை. பருத்தி விதையைச் சாணிக் கரைசலில் புரட்டிப் பஞ்சு ஒட்டலைப் போக்கிக் காயவைத்து விதைக்கும் வழக்கம் முன்பே இருந்ததால், விதைக்கு முன்வேலை செய்வது அந்நியமாகத் தோன்றவில்லை. இடறியது செலவில். வீட்டில் எடுத்து வைத்த சோளத்தைக் காய்ந்த மண்ணில் பணயம் வைக்கலாம். கடையில் விலை கொடுத்து வாங்கிய வீரிய ஒட்டு மக்காச்சோள விதையை அப்படிப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்வது கடினம். நிலத்தைப் பிரித்து ஒரு பகுதியில் முன்விதைப்பும் மறு பகுதியில் ஈர விதைப்பும் செய்பவர் அறிவியலைப் பாதி நம்புகிறார் என்று எடுத்துக்கொண்டால் அது தவறு. இழப்பைப் பிரித்து வைக்கும் அந்த முறை, நிகழ்தகவைப் படித்தவர்கள் சொல்லும் யோசனைதான்.

மக்காச்சோளம் இந்த வட்டாரத்தில் பரவிய பிறகு அறிவியலுக்கும் விவசாயிக்கும் நடந்த பெரிய சந்திப்பு 2018இல் வந்த அமெரிக்கன் படைப்புழு. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி அது. 2016இல் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது, 2018 மே மாதம் கர்நாடகத்தில் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கண்டறியப்பட்டது, அந்த ஆண்டே தமிழகத்து மக்காச்சோளக் காடுகளில் இறங்கிவிட்டது. தாய் அந்துப்பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீட்டர்கூடப் பறக்கும். குருத்துக்குள் புகுந்துகொண்ட புழுவுக்கு மேலே தெளிக்கும் மருந்து எட்டாது. பாட்டன் காலத்து அனுபவம் எதுவும் கைகொடுக்காத எதிரி என்பதால், இங்கே வெளியிலிருந்து அறிவு வந்தே தீர வேண்டியிருந்தது. வந்த விதமும் கவனிக்கத்தக்கது. தலையில் தலைகீழாக எழுதிய ஒய் எழுத்துப் போன்ற கோடு, வால் பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளி என்ற அடையாளம் படமாகக் கைபேசிக்குக் கைபேசி போனது. ஆங்கில எழுத்தே படித்திராதவர்கள் குருத்தைப் பிரித்து இந்த இரண்டு அடையாளத்தையும் காட்டக் கற்றுக்கொண்டார்கள். கோடை உழவு போட்டுக் கூட்டுப்புழுவை வெயிலில் கொல்வது, வேப்பம் புண்ணாக்கு இடுவது, விதை நேர்த்தி, வரப்பு ஓரம் தட்டைப்பயறும் எள்ளும் சூரியகாந்தியும் விதைப்பது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வரிசையாகச் சொன்னது. உழவும் விதை நேர்த்தியும் எளிதில் பரவின. ஒருவர் தோட்டத்தில் மட்டும் பொறி வைத்துப் பயன் குறைவு என்பதால் ஊர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலைகள் மெதுவாகவே நகர்ந்தன.

இந்த அறிவு யார் வாயிலிருந்து விவசாயியின் காதுக்குப் போகிறது? 2003இல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 59ஆம் சுற்றில் இதைக் கேட்டது. நவீன வேளாண் தகவல் ஏதாவது ஒரு வழியில் கிடைப்பதாகச் சொன்ன விவசாயக் குடும்பங்கள் நாடு முழுவதும் சுமார் 40 சதவீதம். முன்னேறிய பக்கத்து விவசாயியிடம் கேட்டவர்கள் 16.7 சதவீதம், உரக்கடை, மருந்துக்கடையில் கேட்டவர்கள் 13.1 சதவீதம், வானொலியில் கேட்டவர்கள் 13 சதவீதம். அரசின் விரிவாக்கப் பணியாளரைச் சொன்னவர்கள் 5.7 சதவீதம்தான். வாடிய இலையைப் பறித்துக்கொண்டு உரக்கடைக்குப் போய்க் கடைக்காரரிடம் காட்டுவது இன்றும் கண்ணில் படும் காட்சி. கடைக்காரர் கடனும் தருகிறார், மருந்தும் தருகிறார், விளக்கமும் தருகிறார். விற்பவரே விளக்குபவராக இருக்கும் இந்த ஏற்பாடு நல்லதில்லை. அவரை விட்டால் அருகில் வேறு ஆள் இல்லை என்பதையும் மறைக்க முடியாது.

குருவிகுளத்தைத் தாண்டினால் காற்றாலைகள். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகும் தென்மேற்குப் பருவக்காற்று தென்காசி, சங்கரன்கோவில், கயத்தாறு வரை அடித்துக்கொண்டு வருகிறது. கயத்தாறில் தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் இருப்பதற்குக் காரணம் இந்தக் காற்றுத்தான். தெற்குச் சீமையில் காற்றாலை நிற்கும் ஊர்களில் ஒரு பேச்சு பரவியிருக்கிறது: இறக்கைகள் மேகத்தைக் கலைத்துவிடுகின்றன, காற்றாலை வந்ததிலிருந்து மழை இல்லை. படித்தவர்கள் இதைக் கேட்டு அறியாமை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறார்கள். ஒதுக்குவதற்கு முன் அந்தப் பேச்சில் உள்ள கவனிப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆடியில் நிமிர்ந்து பார்த்தால் மேகம் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே ஓடுகிறது. கீழே இறக்கைகள் சுழல்கின்றன. மழை ஒரு சொட்டும் விழவில்லை. கண் பார்த்த மூன்றும் உண்மை. காரணம் மேற்கே இருக்கிறது. அரபிக்கடலின் ஈரக்காற்று மலையின் கேரளப் பக்கத்தில் ஏறும்போது குளிர்ந்து அங்கேயே மழையைக் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகி வறண்டுவிடுகிறது. குருவிகுளம் மழை மறைவுப் பகுதி. காற்றாலை வருவதற்கு நூற்றாண்டுகள் முன்பும் ஆடி மாதத்தில் இப்படித்தான் காற்றடித்துக்கொண்டு வறண்டு கிடந்தது. ஊருக்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகை. அப்போது காற்றின் வேகம் தணிந்து இறக்கைகள் பெரும்பாலும் மெதுவாகச் சுற்றுகின்றன அல்லது நிற்கின்றன. காற்றாலையின் தலை தரையிலிருந்து நூறு மீட்டர் உயரத்தை ஒட்டி நிற்கிறது; மழை மேகமோ அதன் அடியிலிருந்து உச்சி வரை பல கிலோமீட்டர் தடிமன் கொண்டது. மேகத்தைக் கலைக்கும் வலு இறக்கைக்குக் கிடையாது. தரையை ஒட்டிய காற்றில் அவை சிறு மாற்றம் செய்வது உண்மை. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக் காற்றாலைப் பகுதியைச் செயற்கைக்கோள் வழியாக ஆராய்ந்து 2012இல் வெளிவந்த ஆய்வு, அங்கே இரவில் தரை வெப்பநிலை சற்று உயர்வதைக் காட்டியது.

இந்த விளக்கம் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடியும். கோபுரங்கள் எழுந்தபோது ஊரில் உட்கார்ந்து சொன்னவர்கள் குறைவு என்பதால்தான் வதந்திக்கு இடம் கிடைத்தது. அதோடு, மழை பற்றிய பேச்சுக்குள் வேறு குறைகளும் ஒளிந்திருந்தன. பெரிய வண்டிகள் போவதற்காக உயர்த்திப் போட்ட பாதைகள் ஓடைகளை மறித்துக் குளத்துக்கு வரும் நீரைத் தடுத்தன என்ற புகார் காற்றாலைப் பகுதிகளில் எழுந்தது. மேய்ச்சல் காடு சுருங்கியது. உற்பத்தியாகும் மின்சாரம் எங்கேயோ போகிறது. ‘மழை வரலை’ என்ற சொல்லில் இவை எல்லாம் அடங்கியிருக்கும்போது, மேகத்தின் உயரத்தை மட்டும் விளக்கிவிட்டுப் போனால் பேச்சு நிற்காது.

இதே கோளாறு பெரிய அளவில் நடந்ததைச் சொல்லக் குருவிகுளம் ஒன்றியத்துக்குள்ளேயே இருக்கும் கலிங்கப்பட்டியைக் கடக்க வேண்டும். மதிமுக பொதுச்செயலாளர் வைகோவின் சொந்த ஊர் அது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் அமைய இருந்த இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். அந்தத் திட்டத்தின் அறிவியல் மிக அழகானது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி பாய்கின்றன. உடலையும் பூமியையும் கடந்து ஒன்றும் செய்யாமல் போய்விடுகின்றன. அவற்றில் மிக அபூர்வமாக ஒன்று ஓர் அணுவோடு மோதுவதைப் பிடிக்க, மற்றக் கதிர்களை வடிகட்டும் அளவுக்குத் தடித்த பாறை வேண்டும். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965இல் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்த பெருமை இந்திய விஞ்ஞானிகளுக்கு உண்டு. அந்த மரபில்தான் போடி மேற்கு மலையில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, 50,000 டன் இரும்புக் கருவி வைக்கத் திட்டமிட்டார்கள். 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

எதிர்ப்பு எழுந்ததும் விஞ்ஞானிகள் நியூட்ரினோ கெடுதல் செய்யாது என்று விளக்கினார்கள். அது முழுக்க உண்மை. பொட்டிப்புரத்துக்காரர்கள் அதோடு வேறு கேள்விகளும் கேட்டார்கள். பாறை வெடிக்கும்போது அணைகளுக்கு என்ன ஆகும், குடைந்த கல்லும் தூசியும் எங்கே போகும், மாடு மேய்க்கும் பாதை மூடப்படுமா, தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள்? இவற்றுக்குத் துகள் இயற்பியலில் விடை கிடையாது. பொறியியலிலும் சட்டத்திலும்தான் தேட வேண்டும். அங்கேதான் தடுமாற்றம் வந்தது. 2017இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தியது. 2018இல் கட்டடப் பணி என்ற பிரிவில் வைத்து மீண்டும் அனுமதி தரப்பட்டது. அந்தப் பிரிவுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமில்லை. மக்களின் சம்மதம் மிகத் தேவைப்பட்ட திட்டத்துக்கு அவர்களைக் கேட்க வேண்டாத வழியைத் தேர்ந்தது பெரும் பிழை. 2022இல் தமிழக அரசே இத்திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் மனு தந்தது. எதிர்ப்பு மேடைகளில் அணுக்கழிவுக் கிடங்கு என்பது போன்ற ஆதாரமில்லாத பயங்களும் விதைக்கப்பட்டன. அவையும் ஒரு நல்ல ஆய்வகத்தின் இழப்பில் பங்கு வகித்தன.

மக்களுக்கும் அறிவியலுக்கும் உள்ள உறவைப் படிப்பவர்கள் உலகெங்கும் எடுத்துக்காட்டும் சம்பவம் ஒன்று கரிசல்காட்டுக்கு நன்றாகப் பொருந்தும். 1985இல் லண்டன் ராயல் சொசைட்டி, பொதுமக்களின் அறிவியல் புரிதல் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மக்களுக்கு அறிவியல் தெரிவது குறைவு, சொல்லிக்கொடுத்தால் ஆதரவு கூடும் என்பது அக்காலத்து எண்ணம். அடுத்த ஆண்டு செர்னோபில் விபத்து. கதிரியக்க சீசியம் கலந்த மழை இங்கிலாந்தின் கம்ப்ரியா மலையில் பெய்தது. ஆடுகளை விற்கத் தடை வந்தது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். அவர்கள் கணக்கு களிமண் நிலத்துக்குரியது. களித்தாது சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். மலை நிலமோ புளிப்பான மட்குமண். சீசியம் மீண்டும் மீண்டும் புல்லுக்கு ஏறியது. கடைசித் தடை நீங்க 2012 ஆயிற்று. தங்கள் மண்ணையும் மேய்ச்சலையும் அறிந்த ஆட்டுக்காரர்களிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்பதை பிரையன் வின் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்து எழுதினார். மண்ணுக்கு மண் கணக்கு மாறும் என்பதைக் கரிசலையும் செவலையும் ஒரே நாளில் உழுது பார்த்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருவேங்கடம், கழுகுமலைப் பக்கம் போனால் தீப்பெட்டி ஆபீஸ்கள். ஆலையை ஆபீஸ் என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். மழை குறைந்த, காற்றில் ஈரம் இல்லாத நிலம் என்பதால் குச்சி சீக்கிரம் காயும். இத்தொழில் இங்கே நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் உரசினால்தான் தீ. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் என்ன நேரும் என்பது இங்கே வேலை செய்யும் பெண்களுக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும்.

அந்தப் பெண்களில் பலர் எழுத்துக் கற்றது 1990களின் தொடக்கத்தில் வந்த அறிவொளி இயக்கத்தில். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதில் முன்னின்றது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழியாக அரசியல் சட்டத்தில் சேர்ந்திருந்தாலும், அது தெருவிளக்கின் அடியில் வந்து உட்கார்ந்தது அறிவொளியில்தான். பகல் வேலை முடிந்து வந்தவர்கள் இரவில் கூடினார்கள். எழுத்தோடு சேர்ந்து குடிநீர், கூலி, தடுப்பூசி எல்லாம் பேச்சில் வந்தன. வீதி நாடகமும் பாட்டும் துணைக்கு இருந்தன. பாடம் நடத்த வந்த இளைஞர்களும் ஊரிடமிருந்து கற்றுக்கொண்டார்கள் என்பதை எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் தமது அறிவொளி அனுபவ நூலான ‘இருளும் ஒளியும்’ வழியாகப் பதிவு செய்திருக்கிறார். 1987 முதல் வரும் ‘துளிர்’ சிறுவர் அறிவியல் இதழும், 1993இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடும் இதே ஓட்டத்தைச் சேர்ந்தவை. மாநாட்டுக்கு வரும் பிள்ளைகள் தங்கள் ஊர்க் குளத்தையோ குப்பையையோ கிணற்றையோ தாங்களே ஆராய்ந்து வர வேண்டும் என்பது அதன் விதி. அதுவே அதன் சிறப்பு.

வானமும் இந்த வட்டாரத்துக்கு ஒருமுறை நல்ல பாடம் எடுத்தது. 2010 ஜனவரி 15, மாட்டுப்பொங்கல், தை அமாவாசை. அன்று நண்பகலில் கங்கண சூரிய கிரகணம். வளையத்தின் பாதை தென் தமிழகத்தைக் கடந்தது. சங்கரன்கோவிலும் கோவில்பட்டியும் அதற்குள் இருந்தன. அந்தக் கிரகணத்தின் உச்ச நேரம் 11 நிமிடத்துக்கும் மேல், இந்த ஆயிரமாண்டிலேயே மிக நீண்டது. கோயில் நடை சாத்தியிருந்தது, பல வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை. அதே தெருவில் சூரியக் கண்ணாடியை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு வளையத்தைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். இன்னொரு நிகழ்ச்சிக்கு இத்தனை காத்திருப்பும் வேண்டாம். குருவிகுளம் 9 பாகையைச் சற்றுத் தாண்டிய வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் 13, 14 தேதிகளை ஒட்டியும் ஆகஸ்டு 28, 29 தேதிகளை ஒட்டியும் சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே வருகிறது. அன்று நடுப்பகலில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் விழாது. முதல் நாள் சித்திரைப் பிறப்போடு சேர்ந்துகொள்கிறது. ஒரே நேர் வடக்கு-தெற்கில் உள்ள இரண்டு ஊர்ப் பள்ளிகள் அன்று நிழலை அளந்து பகிர்ந்துகொண்டால் பூமியின் சுற்றளவையே கணக்கிட்டுவிடலாம். அறிவியல் இயக்கத்தினர் பள்ளிகளில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

சாலை கோவில்பட்டியில் முடிகிறது. அங்கே உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கியது. மானாவாரிக்கென்று நாட்டில் அமைந்த மிகப் பழைய நிலையங்களில் ஒன்று. பருத்திதான் அதன் தொடக்கம். ‘டின்னீஸ்’ என்று வெளிநாட்டுச் சந்தையில் பெயர் பெற்ற திருநெல்வேலிப் பருத்தியில் ‘புளிச்சை’ என்ற மட்ட ரகம் கலந்து தரம் கெட்டுக்கொண்டிருந்தது. கருங்கண்ணிப் பருத்தியில் நல்ல செடிகளைத் தேர்ந்து விதை பெருக்கித் தந்தது நிலையம். பின்னர் கோவில்பட்டியின் ஆங்கில முதலெழுத்தைத் தாங்கிய கே வரிசைச் சோளம், கம்பு, பருத்தி ரகங்களும், கே 1, கே 2 மிளகாயும் இங்கிருந்து போயின. உளிக்கலப்பையால் ஆழ உழுவது, அகலப் பாத்தி, பண்ணைக் குட்டை ஆகியவற்றை விவசாயிகள் நிலையத்து வயலிலேயே வந்து பார்த்தார்கள். பார்த்தது பரவியது; துண்டுத்தாளில் மட்டும் வந்தது பெரும்பாலும் தாளோடு நின்றது. மக்காச்சோளத்திலும் பருத்தியிலும் இன்று தனியார் விதையே மிகுதி என்பதால் நிலையத்தின் பிடி பயறு வகைகளிலும் சிறுதானியத்திலும் மழைக் கணக்கிலும்தான் உறுதியாக இருக்கிறது.

அந்த மழைக் கணக்கு வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் வேளாண் வானிலை அறிக்கையாக வெளிவருகிறது. ஐந்து நாள் முன்னறிவிப்பும் அதற்கேற்ற யோசனையும் அதில் உண்டு. ஊரில் இதைவிட அதிகம் கேட்கப்படுவது கைபேசியில் வரும் தனி ஆய்வாளர்களின் பேச்சு. ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் போன்றவர்கள் வரைபடத்தைக் காட்டி ஏன் மழை வரும், ஏன் வராது என்று காரணத்தோடு சொல்வதால் கேட்பவரும் ரேடார் படத்தைத் தாமே பார்க்கப் பழகிவிட்டார். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிய பெருமழை, கரிசல்காட்டையும் மூழ்கடித்து, முன்னறிவிப்பின் எல்லையையும் காட்டியது. கனமழை வரும் என்பது முன்கூட்டிச் சொல்லப்பட்டிருந்தது. இவ்வளவு என்பது யாருடைய கணக்கிலும் இல்லை.

2024 அக்டோபரில் மத்திய அரசு ஊராட்சி அளவிலான முன்னறிவிப்பைத் தொடங்கியது. குருவிகுளம் ஒன்றியத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். இடிமழை ஒரு ஊரில் கொட்டி அடுத்த ஊரை நனைக்காமல் போவது இங்கே வழக்கம். ஊராட்சிக்குச் சொன்னது பலித்ததா என்று பார்க்க ஊராட்சிக்கு ஒரு மழைமானி வேண்டும். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள பாத்திரத்தைத் திறந்த வெளியில், மரத்துக்கும் சுவருக்கும் விலகி வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் போதும். கிடைப்பது வானிலைத் துறை சொல்லும் அதே மில்லிமீட்டர். பள்ளிக்கூடத்துப் பலகையில் அந்த எண்ணையும், பக்கத்தில் மண்வெட்டியால் கொத்திப் பார்த்த ஈரத்தின் ஆழத்தையும் எழுதி வைத்தால், நாளடைவில் ஒரு உழவு மழை எத்தனை மில்லிமீட்டர் என்பதை எந்த மண்ணில், எந்த மாதத்தில் என்று பிரித்தே சொல்லிவிட முடியும்.